கால்கட்டு போட்டால் சரியாகிவிடுமா? - சினிமா காட்டும் காமமும் காட்டாத கல்யாணமும்



சேலத்தில் இருந்து ஏற்காடு போகிற வழியில் ஒரு பழைய வளைவு நிற்கும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க, சிலர் இறங்கி செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர். சுந்தரம் 1930களில் ஆரம்பித்து, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ அது.

அந்த நிறுவனம் எடுத்த முதல் படம் எது தெரியுமா? 1937ல் வந்த 'சதி அகல்யா'. நம்ம பாட்டிகள் சொன்ன அதே கதைதான். இன்னொருத்தர் மனைவி மேல் ஆசைப்பட்ட இந்திரன், அவளுடைய கணவன் வேஷத்திலேயே வருகிறான். முனிவருக்குக் கோபம் வந்து சாபம் கொடுக்கிறார். இந்திரனுக்கு உடம்பெல்லாம் ஆயிரம் குறி, பிறகு அதுவும் ஆயிரம் கண்ணாக மாறி, 'ஆயிரம் கண்ணுடையான்' என்று ஒரு பட்டப் பெயராகவே ஆகிவிட்டது. அகல்யா? கல்லாகிக் கிடந்தாள்.

தப்பு செய்தவனுக்குப் பட்டம், வீட்டில் இருந்தவளுக்குக் கல். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க. கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

இதை எழுத வைத்தது ஒரு கல்யாணப் பந்தி. போன தை மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். எதிர் வரிசையில் இரண்டு பெரியவங்க. ஒருத்தர் தன் சொந்தக்காரப் பையனைப் பற்றிச் சொன்னார்: "பையன் சகவாசம் சரியில்லீங்க. எந்நேரமும் அந்த நெனப்புதான். வேலைக்குப் போன எடத்துலயும் பிரச்சன." இன்னொருத்தர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு கால்கட்டு போட்டு உட்ருங்க. தானா அடங்கிருவான்."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்தப் பையனுக்குப் பார்க்கப்போகும் பொண்ணு யாரோ? ஏதோ ஒரு காலேஜில் இப்போ நம்மை மாதிரியே அரியர் எழுதிக்கொண்டு இருக்கலாம். அவளைக் கேட்காமலேயே அவளை மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபோது, அதில் பாதி பழைய கதைகளில் இருந்தும் மீதி சினிமாவில் இருந்தும் வருகிறது என்று தோன்றியது.

முதலில், எதுக்குப் பேர் அடிமைத்தனம்?

'செக்ஸ் அடிக்‌ஷன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். மருத்துவர்கள் இந்தச் சொல்லை ரொம்ப யோசித்துத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டில் இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 6சி72 என்ற எண்ணில் 'கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதைப் போதைப் பழக்கங்களோடு வைக்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகள் என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

அதில் பார்க்கிற விஷயங்கள் ஏறக்குறைய இவைதான்:

- உடம்பு, படிப்பு, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வாழ்க்கையே அதைச் சுற்றிப் போவது.
- குறைக்க வேண்டும் என்று பலமுறை முயன்றும் முடியாமல் போவது.
- கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது.
- அதில் சந்தோஷமே இல்லை என்றாலும் தொடர்வது.
- இதெல்லாம் ஆறு மாதம், அதற்கு மேலும் நீடிப்பது.

இதோடு ஒரு முக்கியமான எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது. 'நான் செய்வது பாவமோ' என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது இந்தக் கோளாறு கிடையாது. ராத்திரி டிவியில் 'இளமையில் செய்த தவறு' என்று பயமுறுத்தி, எந்த ஊர் லாட்ஜில் எந்தத் தேதியில் சந்திக்கலாம் என்று சொல்லும் விளம்பரங்களைப் பார்த்து ஹாஸ்டலில் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருக்கிறார்கள்! சுய இன்பம் நோய் இல்லை. ஆசை அதிகமாக இருப்பதும் நோய் இல்லை. பல பேரோடு பழகுகிறவன், மனைவிக்குத் துரோகம் செய்கிறவன் எல்லாரும் இந்தக் கோளாறு உள்ளவர்களும் இல்லை. நிறுத்தணும்னு நினைத்தும் நிறுத்த முடியாமல் வாழ்க்கை சரிகிறதா என்பதுதான் கேள்வி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம படங்களைப் பார்ப்போம்.

ரத்தக் கண்ணீரும் ஒரு தப்பான நோயும்

'ரத்தக்கண்ணீர்' பார்க்காதவர்கள்கூட எம்.ஆர். ராதாவின் அந்தக் குரலை மீம்ஸில் கேட்டிருப்பீங்க. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம் மேடையில் சக்கைப்போடு போட்டு, 1954ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாக வந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பணக்கார மோகனசுந்தரம். வீட்டில் மனைவி சந்திரா. ஆனால் அவருக்கு காந்தா வீடே கதி. சொத்து போகிறது, உறவு போகிறது, கடைசியில் தொழுநோய் வந்து தெருவில் பிச்சை எடுக்கிறார்.

படம் பெரிய படம், அதில் சந்தேகமே வேண்டாம். முடிவில் மோகன் தன் நண்பன் பாலுவிடம் சந்திராவை மணந்துகொள்ளச் சொல்கிறார். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்று 1954ல் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் இரண்டு இடத்தில் படம் நம்மைத் தப்பான பக்கம் கூட்டிப் போகிறது.

ஒன்று, தொழுநோய். அது காமத்தால் வருவது இல்லை. 1873லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் அது ஒரு கிருமி என்று கண்டுபிடித்துவிட்டார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி இருந்தால் மூச்சுக் காற்று வழியாகப் பரவலாம் என்பதுதான் பொதுவான கருத்து. கூட்டு மருந்தை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் நம்ம கதைகளில் காமத்துக்கும் தொழுநோய்க்கும் ரொம்ப நாள் முடிச்சு. தொழுநோய்க் கணவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினி கதை இருக்கிறது. பெண் மோகத்தில் அழிந்து நோய் வந்து, திருவண்ணாமலைக் கோபுரத்தில் இருந்து குதித்ததாகச் சொல்லப்படும் அருணகிரிநாதர் கதை இருக்கிறது. டி.எம். சௌந்தரராஜன் நடித்து 1964ல் அதுவும் படமாக வந்தது. இந்த முடிச்சால் எந்தத் தப்பும் செய்யாத நோயாளிகளும் 'என்ன பாவம் பண்ணினானோ' என்ற பார்வையைச் சுமந்தார்கள்.

இரண்டு, இதைவிட முக்கியம். படத்தில் மோகனை மாற்றியது எது? நோய். நோய் வரும் வரை ஆடினான், வந்ததும் உண்மை தெரிந்துவிட்டது. அப்படியானால் நோய் வராதவன்? அவனுக்குக் கதையே கிடையாது! நிஜத்தில் பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு கிளைமாக்ஸ் வருவதே இல்லை. காலையில் டிபன் கட்டுவார்கள், ஸ்கூல் ஃபீஸ் கட்டுவார்கள், ராத்திரி ஒருத்தர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அப்படியே பதினஞ்சு வருஷம் போகும். அந்தப் பதினஞ்சு வருஷத்தை எந்தப் படமும் காட்டாது.

சிரித்துவிட்டுப் போன கதை

அடுத்து வந்தது இன்னொரு வகை. 1976ல் கே. பாலசந்தரின் 'மன்மத லீலை'. கமல்ஹாசன் நடித்த மது, எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் பின்னால் போகும் கல்யாணமான ஆள். இங்கே நோய் இல்லை, பிச்சை இல்லை. அதுவே ஒரு பெரிய மாற்றம். நன்றாக வேலை பார்த்துக்கொண்டு, நன்றாக உடுத்திக்கொண்டு, வீட்டில் நல்ல கணவனாகவும் இருக்கிற ஒருவன்தான் இப்படி இருப்பான் என்று காட்டியது நிஜத்துக்கு ரொம்ப நெருக்கம். மனைவிக்குத் தெரியவரும்போது வீடு உடைகிறது. ஆனால் படத்தின் பெரும்பகுதியில் நாம் மதுவோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

அதே தலைப்பில் 2022ல் வெங்கட் பிரபு ஒரு படம் எடுத்தார். அசோக் செல்வன் நாயகன். அங்கே கேள்வி 'ஏன் செய்கிறான்' என்பது கிடையாது. 'மாட்டுவானா, தப்பிப்பானா' என்பதுதான். தியேட்டரில் கைதட்டல் தப்பிக்கும்போது வரும். யோசித்துப் பாருங்க, அந்த நிமிஷம் நாம் யார் பக்கம் உட்கார்ந்து இருக்கிறோம்? மனைவிக்குத் தெரியாத ஒரு ரகசியம் நமக்குத் தெரியும். அவனுடைய பொய்யில் நாமும் ஒரு பங்காளி.

பொய்தான் இதில் மைய விஷயம். இப்படி ஒரு பழக்கம் உள்ளவரின் துணைக்கு முதலில் உடைவது நம்பிக்கை. "ஆபீஸ்ல லேட்" என்று சொன்ன எத்தனை நாள் உண்மை? போன வருஷம் ஊட்டி போனபோதும் இது நடந்துகொண்டுதான் இருந்ததா? பழைய நல்ல நாட்கள்கூட சந்தேகமாகிவிடும். பிறகு போனைச் சோதிப்பது, அதற்காகத் தன்னையே வெறுப்பது, "என்கிட்ட என்ன குறை" என்று கண்ணாடி முன்னால் நிற்பது. நாயகன் தப்பித்ததும் படம் முடிந்துவிடுகிறது. அவளுக்கு எல்லாம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

நம்ம நாமக்கல் சொன்ன உண்மை

இந்த இடத்தில் சினிமாவை நிறுத்திவிட்டு நம்ம ஊருக்கு வரணும்.

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முட்டை, ஆஞ்சநேயர், அப்புறம் லாரி. பாடி கட்டும் பட்டறை, சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள். நம்மில் எத்தனை பேரின் காலேஜ் ஃபீஸ் லாரி வருமானத்தில் வந்தது! 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரவல் அதிகம் இருந்த மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ரோட்டிலேயே வாழும் வேலை. இதை அடிமைத்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. தனிமை, களைப்பு, கையில் காசு, ஆணுறை பற்றிய அறியாமை எல்லாம் சேர்ந்த கதை அது. எல்லா டிரைவர்களும் அப்படி என்று சொல்வது அதைவிடப் பெரிய பொய். ஆனால் விளைவு வீட்டுக்கு வந்தது. கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனையில் தங்களுக்குத் தொற்று இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்க சுவரிலும் பஸ்ஸிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரு விளம்பரம் வந்தது. உங்க அப்பா, சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்க, இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தக் கேள்வி பேசவே பேசாத ஒரு விஷயத்தை டீக்கடைப் பேச்சுக்குக் கொண்டு வந்தது. ஆனாலும் கேள்வி புள்ளிராஜாவைப் பற்றியது. புள்ளிராஜாவின் சம்சாரத்துக்கு என்ன ஆகும் என்று சுவரில் யாரும் எழுதவில்லை.

2007ல் சாமி இயக்கிய 'மிருகம்' அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியது. ஆதி நடித்த அய்யனார், கட்டுப்பாடே இல்லாத முரடன். பத்மப்ரியா நடித்த அழகம்மா அவன் மனைவி. அவனுக்கு எய்ட்ஸ் வந்து ஊரே ஒதுக்கும்போது அவள் மட்டும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். பத்மப்ரியாவின் நடிப்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கும். ஆனால் சட்டகம் பழையதுதான். தொழுநோய் இருந்த இடத்தில் எய்ட்ஸ். கூடை சுமந்த நளாயினி இருந்த இடத்தில் அழகம்மா. 1954க்கும் 2007க்கும் நடுவில் 53 வருஷம். நோயின் பெயர் மாறியது, மனைவியின் வேலை மாறவில்லை.

நிஜத்தில் என்ன நடந்தது தெரியுமா? நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா. லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மணமுடித்து வைக்கப்பட்டவர். திருமணத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்று வந்தது. அவர் கல்லாகவும் இல்லை, கூடையும் சுமக்கவில்லை. 1998ல் சென்னையில், தன்னைப் போன்ற சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல் மேடையில் பேசினார். தொற்று உள்ள பெண்களின் சொத்துரிமை, மருந்து, மரியாதை பற்றி அந்த அமைப்பு பேசியது. 'மிருகம்' வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே நம்ம மாவட்டத்துப் பெண் ஒருத்தர் கதையின் முடிவை மாற்றி எழுதிவிட்டார். சினிமாதான் அதைப் பார்க்கவில்லை.

வெளிநாட்டுப் படம் ஒன்று

தண்டனையும் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல் இதைக் காட்ட முடியாதா? முடியும். ஸ்டீவ் மெக்வீன் இயக்கி 2011ல் வந்த 'ஷேம்'. வயது வந்தோருக்கு மட்டுமான படம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் நல்ல வேலை, நல்ல வீடு என்று இருக்கும் பிராண்டன் (மைக்கேல் ஃபாஸ்பெண்டர்). வேலை செய்யும் கம்ப்யூட்டரிலும் அதே, வீட்டிலும் அதே, இரவு தெருவிலும் அதே. ஒரு கட்டத்தில் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் லேப்டாப்போடு சேர்த்துக் குப்பையில் போடுகிறான். அப்படியும் பழக்கம் போகவில்லை. உண்மையிலேயே பிடித்த ஒரு பெண்ணோடு நெருங்கும்போது அவனால் முடியாமலே போகிறது. அறிமுகமே இல்லாதவர்களோடு முடிந்தது, அன்பு வந்த இடத்தில் முடியவில்லை.

பிராண்டனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் 'கால்கட்டு' வைத்தியத்துக்கு இந்தக் காட்சியைவிட நல்ல பதில் இல்லை. காமம் தீராததால் வரும் பிரச்சனை என்றால் மனைவி வந்ததும் தீர்ந்திருக்கணும். ஆனால் அவன் அதில் தேடியது சுகத்தை இல்லை. ஏதோ ஒரு வலியில் இருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் தேடினான். அதை மனைவியால் தர முடியாது. தர முடியாததற்கு அவள் காரணமும் இல்லை.

அப்போ என்னதான் செய்வது?

மருத்துவ ரீதியாக இதற்கு வழி இருக்கிறது. மனநல மருத்துவர் முதலில் கூடவே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். மனச்சோர்வு, பதற்றம், குடி, இருதுருவ மனநோயின் உச்ச நிலை இவையெல்லாம் இப்படி வெளிப்படலாம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில டோபமின் வகை மருந்துகளால்கூட வயதானவர்களுக்கு இந்த உந்துதல் திடீரென்று வருவது உண்டு, மருந்தை மாற்றினால் குறையும். இது வெறும் 'கேரக்டர்' சமாச்சாரம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. எந்த நேரம், எந்த மனநிலை, எந்த இடம் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து அந்தச் சங்கிலியை உடைக்கும் பேச்சு சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. துணைக்குத் தனியாக ஆலோசனையும் வேண்டும். அவருக்கும் காயம் பட்டிருக்கிறது, அவர் வெறும் கண்காணிப்பாளர் இல்லை.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசணும்னா 14416, மத்திய அரசின் டெலி-மானஸ் எண், 2022 முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். போன், இன்டர்நெட் பிடியில் சிக்கியவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் தனி கிளினிக்கே இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை என்றால் அரசு மருத்துவமனை 'நம்பிக்கை மையம்'. ரகசியம் காப்பார்கள்.

கடைசியாக, உங்களிடம் நேராக இரண்டு வார்த்தை.

இதைப் படித்துக்கொண்டே 'இது நான்தானோ' என்று ஒருத்தர் நினைத்தால், பயப்படாதீங்க, உங்களை நீங்களே அசிங்கமாகவும் பார்க்காதீங்க. வெட்கம் இந்தப் பழக்கத்துக்கு உரம். மறைக்க மறைக்க வளரும். ஒரு டாக்டரிடம் பேசுங்க. ஆனால் அதைச் சரி பண்ணாமல், 'கல்யாணம் ஆனா போயிடும்' என்று ஒரு பொண்ணு பார்க்க மட்டும் போகாதீங்க. இதே நிலையில் பெண்களும் உண்டு, அவர்களுக்கும் இதேதான்.

வீட்டில் யாராவது "கால்கட்டு போட்டுட்டா அடங்கிருவான்" என்று சொன்னால், அடுத்த பந்தி வரைக்கும் காத்திருக்காமல் அங்கேயே கேட்டுடுங்க. அன்றைக்கு ராசிபுரத்தில் நான் கேட்கவில்லை. ரசம் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ரொம்பச் சின்னது:

"பையனுக்குக் கால்கட்டு சரிங்க. அந்தப் பொண்ணுகிட்ட இதச் சொல்லிட்டீங்களா?"